வாசகர் கேள்வி பதில்: வரைபடத்தில் இல்லாத ஊருக்கு உதவி எப்படிப் போய்ச் சேரும்?

இந்த முறை பகுதி முழுக்க ஒரே விஷயம்தான். 2015இல் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் அவரவர் வீட்டுக் கணினியிலேயே அந்த நாட்டின் வரைபடத்தை வரைந்து கொடுத்ததைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்பில்தான் எல்லாமே இருக்கிறதே! அதை விட்டுவிட்டு மனிதர்கள் உட்கார்ந்து வீடு வீடாக வரைய வேண்டிய அவசியம் என்ன?
(கல்லூரி மாணவி, திருச்சி)

உங்கள் திருச்சியில் எல்லாமே இருக்கிறது, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் டீக்கடை வரைக்கும் இருக்கும். அங்கே வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இருப்பதால் மேப் நிறுவனங்களுக்கு அது வருமானம். நேபாளத்தில் ஒரு மலைச்சரிவில் நாற்பது வீடு மட்டும் இருக்கிற, கார் போகாத, ஒற்றையடிப் பாதையில் அரை நாள் ஏற வேண்டிய ஊரை வரைவதால் எந்த நிறுவனத்துக்கு என்ன கிடைக்கப் போகிறது? அதனால் அப்படிப்பட்ட ஊர்கள் வெறும் பச்சை நிறமாகவே கிடக்கும். பேரிடர் வரும்போது அதிகம் அடிபடுவதும் பெரும்பாலும் இந்த ஊர்கள்தான்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. திரையில் பார்க்கிற மேப் வேறு, கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய தரவு வேறு. நிவாரணப் பொருள் ஏற்றி அனுப்புகிறவருக்கு வழி மட்டும் தெரிந்தால் போதாது. இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் மொத்தம் எத்தனை கூரை, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை தார்ப்பாய், எத்தனை தண்ணீர் கேன் என்று அவர் கணக்குப் போட வேண்டும். அப்புறம் அந்த வரைபடத்தை டவர் இல்லாத இடத்திலும் செல்போனில் திறக்க வேண்டும், பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட வேண்டும், பாலம் உடைந்தது தெரிந்தவுடன் அதில் குறிக்க வேண்டும். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு வரைபடம் வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது அதுதான். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம்.

இது பேரிடருக்கு எந்த அளவுக்கு உதவும் என்று உலகத்துக்குத் தெரிந்தது ஹெய்ட்டியில். 2010 ஜனவரி 12 அன்று அங்கே 7.0 அளவில் நிலநடுக்கம் வந்து, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கிப் போனது. அன்றைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த நகரம் என்று பார்த்தால் சில பெரிய சாலைகள்தான். செயற்கைக்கோள் நிறுவனங்கள் புதிதாக எடுத்த படங்களை இலவசமாகத் திறந்துவிட்டன. அடுத்த சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் ஹெய்ட்டியில் கால் வைத்தே இராதவர்கள், தெருக்களையும் கட்டடங்களையும் மக்கள் கூடாரம் போட்டிருந்த இடங்களையும் வரைந்து தள்ளினார்கள். இடிபாட்டுக்குள் ஆள் தேடப் போன மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போயின.

அதே நாட்களில் 4636 என்ற எண்ணுக்கு மக்கள் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று ஒரு ஏற்பாடு நடந்தது. கிரியோல் மொழியில் வந்த செய்திகளை மொழிபெயர்த்து, எந்தத் தெரு என்று கண்டுபிடித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு வெளிநாடுகளில் வாழும் ஹெய்ட்டிக்காரர்களுடையது. படத்தில் தெருவின் வடிவம் தெரியும். அதை அந்த ஊர்க்காரர்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத்தானே தெரியும்?

அந்த அனுபவத்திலிருந்துதான் 2010லேயே 'ஹாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹியுமானிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம் ஓர் அமைப்பாகப் பதிவானது.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கோ உட்கார்ந்து பயிற்சி இல்லாத ஒருவர் வரைகிற கோட்டை நம்பி ஹெலிகாப்டரை இறக்க முடியுமா? துல்லியத்துக்கு யார் பொறுப்பு?
(ஓய்வுபெற்ற அளவையர், நாமக்கல்)

ஐயா, நீங்கள் சங்கிலி பிடித்து அளந்தவர், இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். நேரடியாகச் சொல்கிறேன்: இந்த வரைபடத்தை வைத்துப் பட்டா கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

மலைப்பகுதியில் பிரச்சினை இன்னும் அதிகம். செயற்கைக்கோள் நேர் மேலே இருந்து படம் எடுப்பதில்லை, கொஞ்சம் சாய்ந்துதான் பார்க்கிறது. அதனால் சரிவில் இருக்கிற ஒரு வீடு உண்மையான இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி விழும். இரண்டு நிறுவனங்களின் படத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஊரே நகர்ந்த மாதிரி இருக்கும். இதற்குத்தான், யாராவது ஜிபிஎஸ் வைத்து அந்தச் சாலையில் நடந்து பதிவு செய்திருந்தால் அந்தத் தடத்தோடு படத்தைப் பொருத்திக்கொண்டு வரையச் சொல்வார்கள்.

ஆனால் நிவாரணத்துக்குக் கேட்கிற துல்லியம் வேறு. ஊர் ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிறதா அந்தக் கரையிலா, லாரி எதுவரை போகும், எந்த இடத்துக்கு மேல் கழுதையோ மனிதரோதான் சுமக்க வேண்டும், இதற்கு நாலு மீட்டர் பிசகு ஒரு பொருட்டே இல்லை. இல்லாத ஊர் ஒன்றை வரைந்துவிடுவதும், இருக்கிற ஊரை விட்டுவிடுவதும்தான் ஆபத்து. ஓடைப் படுகையைச் சாலை என்று வரைந்துவிடுவார்கள், வைக்கோற்போரை வீடு என்று குறிப்பார்கள், புதிதாக வருகிறவர்கள் செய்கிற வழக்கமான தப்பு இவை. அதனால் வரைய வேண்டிய பரப்பைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒருவர் வரைந்த கட்டத்தை அனுபவமுள்ள இன்னொருவர் திறந்து பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. ஹெலிகாப்டரை இறக்குவது பைலட்டின் முடிவு. வரைபடம் அவருக்கு, இந்தப் பக்கத்தில் மேடு பள்ளம் இல்லாத திறந்த வெளி இந்த மூன்று இடத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வேண்டுகோள் ஐயா. சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் எப்போதும் பஞ்சம். வரைகிறவர்கள் ஆயிரம் பேர் வருவார்கள், சரிபார்க்கப் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். வான்படத்தைப் பார்த்து இது கரை, இது வரப்பு, இது வண்டிப்பாதை என்று படிக்கத் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் ஒரு மாதம் பழகினால் போதும்.

நேபாளத்தில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் வரைந்தும் குழப்பம் வராமல் எப்படி நடந்தது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
(வாசகர், மதுரை)

விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இது.

கதை 2015இல் தொடங்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2012இல், உலக வங்கியின் உதவியோடு காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிற பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரைபடத்தில் ஏற்றும் வேலை ஆரம்பமாகிவிட்டது. நிலநடுக்கம் என்றைக்காவது வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், 1934இல் வந்த பெரும் நிலநடுக்கத்தைப் பற்றிப் பாட்டி தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எந்தப் பள்ளிக் கட்டடம் எத்தனை மாடி, எதனால் கட்டியது என்று மாணவர்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதினார்கள். அந்த வேலையில் இருந்தவர்கள் 2013இல் காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், நாமராஜ் புதாதோகி என்பவர் தலைமையில். கல்லூரி கல்லூரியாகப் போய் வரைபடம் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது யாரும் அதைப் பெரிய செய்தியாக எழுதவில்லை.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு 7.8 அளவில் நிலநடுக்கம். மையம் கோர்க்கா மாவட்டம். நேபாளத்தில் சனிக்கிழமை விடுமுறை, பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை. அது மட்டும் வேலை நாளாக இருந்திருந்தால் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. மே 12 அன்று இன்னொன்று, 7.3. இரண்டிலுமாகச் சுமார் 9,000 பேர் இறந்தார்கள்.

காத்மாண்டு லிவிங் லேப்ஸ் இளைஞர்கள் தங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துவிட்டு உடனே வேலையில் இறங்கினார்கள். ஹாட் அமைப்பு தன் டாஸ்கிங் மேனேஜர் என்ற இணையதளத்தில் பாதிக்கப்பட்ட மாவட்டங்களைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டிப் போட்டது. நீங்கள் கேட்ட குழப்பத்துக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் அது உங்கள் பெயரில் பூட்டிக்கொள்ளும், வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. முடித்துவிட்டால் நிறம் மாறும், முடிக்காமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே திறந்துகொள்ளும். ஒருவர் ஜெர்மனியில் தூங்கப் போகும் நேரத்தில் இன்னொருவர் கனடாவில் அடுத்த கட்டத்தை எடுப்பார். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் சில நாட்களுக்குள் நேபாளத்தின் மலைப்பாதைகளையும் ஊர்களையும் வரைந்தார்கள்.

எந்த மாவட்டம் முதலில், எது அவசரம், எந்த ஊர் பற்றித் தகவலே வரவில்லை என்று சொன்னதில் காத்மாண்டுக்காரர்களின் குரல் முக்கியமானது. அவர்கள் குவேக்மேப் என்று ஒரு தளத்தையும் நடத்தினார்கள். எங்கள் ஊருக்குக் கூடாரம் வரவில்லை, இங்கே அரிசி வேண்டும் என்று மக்கள் சொல்லும் தகவல்கள் அதில் வந்து விழும். இவர்கள் திருப்பிக் கூப்பிட்டு விசாரித்து, வரைபடத்தில் அந்த ஊரைக் கண்டுபிடித்து, உதவி செய்கிறவர்களுக்குத் தள்ளிவிடுவார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தினர் இந்த வரைபடத்தை அச்சடித்துக் களத்துக்குக் கொண்டுபோனார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வரைந்தது பெரிய உதவிதான். ஆனால் அவர்களுக்கெல்லாம் வழி காட்ட, முன்கூட்டியே பழகி வைத்திருந்த ஒரு சிறு கூட்டம் அந்த ஊரிலேயே இருந்தது. என்னைக் கேட்டால் நேபாளத்தைக் காப்பாற்றிய விஷயம் இதுதான். அந்த மூன்று ஆண்டு இல்லாமல் இருந்திருந்தால் ஹெய்ட்டி மாதிரி சில கோடுகளிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அவசரம் முடிந்ததும் எல்லோரும் போய்விடுவார்களே. மறுபடி வீடு கட்டுவதற்கு இந்த வரைபடம் ஏதாவது உதவியதா, இல்லை முதல் வாரத்துக் கதை மட்டும்தானா?
(சிவில் பொறியாளர், சேலம்)

கேமராக்கள் போன பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது, நீங்கள் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

நேபாளத்தில் சுமார் 5 லட்சம் வீடுகள் முழுதாக விழுந்தன, இன்னும் இரண்டரை லட்சம் வீடுகள் பாதி சேதம். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள்தான் அதிகம். யாருக்கு எவ்வளவு உதவி என்று முடிவு செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டையும் பார்த்தாக வேண்டும். 2015 டிசம்பரில் அரசு மறுசீரமைப்புக்கென்று தனி ஆணையம் அமைத்தது. பொறியாளர்கள் கையில் டேப்லெட்டோடு மலை ஏறினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இருப்பிடப் புள்ளி, புகைப்படங்கள், எதனால் கட்டியது, எத்தனை மாடி, சேதம் ஒன்று முதல் ஐந்து வரை எந்தத் தரம், வீட்டில் யார் யார் என்று பதிவு செய்தார்கள். இந்தக் கணக்கெடுப்பின் தொழில்நுட்ப வேலையை ஏற்றுக்கொண்டது அதே காத்மாண்டு லிவிங் லேப்ஸ். காத்மாண்டுப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு 11 மாவட்டங்களில் மட்டும் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களின் விவரம் சேர்ந்தது. பேரிடருக்குப் பிறகு உலகில் சேகரிக்கப்பட்ட மிகப் பெரிய தரவுகளில் அதுவும் ஒன்று. பெயர்களை நீக்கிவிட்டுப் பிறகு பொதுவில் வைத்தார்கள், இன்றைக்கும் கட்டடப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் அதை வைத்து ஆய்வு செய்கிறார்கள்.

தகுதி பெற்ற வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் மானியம். அது ஒரே தடவையில் வராது: முதலில் 50,000, அஸ்திவாரம் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து ஒன்றரை லட்சம், அடுத்த கட்டத்தைச் சோதித்து மீதி ஒரு லட்சம். ஒவ்வொரு தவணைக்கும் பொறியாளர் போய்ப் பார்க்க வேண்டும். அவர் எப்படிப் போவார்? பாதை தெரிய வேண்டும், எந்தச் சரிவில் எந்த வீடு என்று தெரிய வேண்டும்.

ஆனால் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களும் நிறைய இருந்தார்கள். புகார்கள் குவிந்தன, மறுபடி போய்ப் பார்க்க வேண்டி வந்தது. இருந்த வீடு அங்கே இருந்தது என்பதற்கு வரைபடத்தில் ஒரு சதுரம் இருப்பது, எழுத்தறிவு இல்லாத ஒரு விதவைக்கு ஒரு சாட்சி மாதிரி. அந்தச் சாட்சியைக் கேட்டு நடக்க ஓர் அதிகாரி வேண்டும், முறையிட ஓர் அலுவலகம் வேண்டும், அது வரைகிறவர்கள் கையில் இல்லை.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே எந்த வீடு இடிந்தது என்று குறித்துவிடலாமே? அதற்கு ஏன் நேரில் போக வேண்டும்?
(பள்ளி மாணவர், கரூர்)

நல்ல யோசனைதான் தம்பி, ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸை ஹையான் புயல் அடித்தபோது, டக்லோபன் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் தன்னார்வலர்கள் வீடுகளை வரைந்ததோடு, இது சேதம், இது முழுதாகப் போய்விட்டது என்றும் குறித்தார்கள். பிறகு அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கமும் ரீச் என்ற அமைப்பும் நேரில் போய் ஒப்பிட்டுப் பார்த்தால் நிறைய இடத்தில் பொருந்தவில்லை. மேலே இருந்து பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும். சுவர் விழுந்து கூரை அப்படியே கீழே உட்கார்ந்திருந்தால் வீடு நன்றாக இருக்கிற மாதிரியே இருக்கும். கூரை மட்டும் பறந்து சுவர் உறுதியாக நிற்கிற வீடு, போய்விட்ட மாதிரித் தெரியும்.

அதனால் இப்போது பெரும்பாலும், பேரிடருக்கு முன் எப்படி இருந்தது என்பதைத் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். சேதத்தைக் கணிப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை, கடைசி வார்த்தை நேரில் பார்த்தவருடையது.

வெள்ளம் வரும்போது வானம் முழுக்க மேகமாக இருக்குமே, படம் எப்படிக் கிடைக்கும்?
(வாசகி, கடலூர்)

கடலூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! சாதாரணப் படம் கிடைக்காது. ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன, ஐரோப்பாவின் சென்டினல்-1 மாதிரி. அவற்றுக்கு மேகமும் இருட்டும் தடையில்லை, தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். பேரிடர் நேரத்தில் நாடுகள் தங்கள் செயற்கைக்கோள் படங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு சர்வதேச ஏற்பாடு 2000 முதல் இருக்கிறது, நம் இஸ்ரோவும் அதில் உறுப்பினர். ஆனால் நெருக்கமான தெருக்களில் தேங்கிய தண்ணீரை ரேடார் தவறவிடும், அங்கே முழங்காலளவா இடுப்பளவா என்று சொல்ல ஆள்தான் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இணையத்தில் ஒரு வரைபடம் சுற்றியது நினைவிருக்கும். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவின் கோட்டைத் தொட்டால் போதும், நிறம் மாறிவிடும். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் கட்டியதுதான். சென்னையின் தெருக்களைப் பல ஆண்டாக யாரோ பொறுமையாக வரைந்து வைத்திருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் அதைப் போட முடிந்தது.

ஈழத்தில் எங்கள் பக்கம் இப்படி ஏதும் நடந்ததா? சுனாமியில் எல்லாம் இழந்த ஊர் எங்களுடையது.
(வாசகர், மட்டக்களப்பு)

நடந்தது ஐயா, உங்கள் ஊரிலேயே நடந்தது. காத்மாண்டு வேலை நடந்த அதே உலக வங்கித் திட்டத்தின் கீழ் மட்டக்களப்பில் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் கட்டடம் கட்டடமாக வரைந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். வெள்ளம் வந்தால் எத்தனை வீடு, எந்தப் பள்ளி, எந்த வைத்தியசாலை நீரில் நிற்கும் என்று முன்பே கணக்கிடத்தான்.

அதற்கும் முன்னால், 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்ற மென்பொருளை இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதினார்கள். இலவசமாக, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி எழுதியதால் ஹெய்ட்டி நிலநடுக்கம் வரை அது போனது.

உங்கள் ஊரின் கட்டடங்கள் வரைபடத்தில் இருக்கலாம், இன்றைய நிலைமை இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். புதிதாகக் கட்டிய வீடுகள், ஊர்க்காரர் சொல்லும் ஒழுங்கைப் பெயர், மழைக்காலத்தில் அறுந்துபோகும் பாதை இதையெல்லாம் சேர்க்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

எனக்குப் பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும், வீட்டில் லேப்டாப் இருக்கிறது. எப்படிச் சேர்வது? காசு கட்ட வேண்டுமா, ஆங்கிலம் நன்றாகத் தெரிய வேண்டுமா?
(இல்லத்தரசி, ஈரோடு)

காசு கிடையாது. ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்தால் போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்குங்கள், அதே கணக்கில் ஹாட் டாஸ்கிங் மேனேஜருக்குள் போகலாம். புதியவர்களுக்கானது என்று குறித்திருக்கும் திட்டம் ஒன்றை எடுங்கள். வேலை என்ன என்று அங்கே எழுதியிருப்பார்கள், வீடுகள் மட்டுமா, சாலையும் சேர்த்தா என்று. அதைப் படிக்காமல் தொடங்குகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் படித்துவிடுங்கள். ஒரு கட்டம் எடுத்தால் செயற்கைக்கோள் படம் திறக்கும். வீட்டின் நான்கு மூலையையும் கிளிக் செய்து மூடி, கட்டடம் என்று தேர்ந்தெடுத்து, கீபோர்டில் கியூ எழுத்தை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகிவிடும். வட்டக் குடிசையைச் சதுரமாக்கிவிடாதீர்கள், ஆப்பிரிக்கக் கிராமங்களில் வட்ட வீடுகள் நிறைய உண்டு.

தெரியாததை வரையாதீர்கள். மேகம் மறைத்திருந்தால் அப்படியே விட்டு, குறிப்பில் எழுதுங்கள். கட்டத்தை முடிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே குறியுங்கள், அடுத்தவர் தொடர்வார். கூகுள் மேப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்து எழுதவே கூடாது. அது அவர்கள் உரிமை, நீங்கள் எழுதியது நீக்கப்படும், கூடவே மற்றவர்கள் உழைப்பும் சந்தேகத்துக்கு ஆளாகும். யாராவது உங்கள் வேலையைத் திருப்பி அனுப்பித் திருத்தச் சொன்னால் வருத்தப்படாதீர்கள் அம்மா, எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் வரும்.

லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான்.
(வாசகர், தேனி)

ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. தெருவில் நடக்கும்போது, இந்தக் கட்டடம் எத்தனை மாடி, இந்தச் சாலை தார்ச்சாலையா மண்சாலையா என்று கேட்கும், பதிலைத் தொட்டால் வரைபடத்தில் ஏறிவிடும். உங்கள் பக்கம் போன்ற மலையடிவார ஊர்களில் இந்தத் தகவல் பொன்னுக்குச் சமம்.

செயற்கை நுண்ணறிவு ஒரே நாளில் ஒரு நாட்டின் எல்லா வீடுகளையும் வரைந்துவிடும் என்கிறார்கள். இனிமேலும் மனிதர்கள் வரைய வேண்டுமா?
(மென்பொருள் பொறியாளர், கோவை)

வரைந்துவிடும். மைக்ரோசாப்டும் கூகுளும் அப்படிக் கணினி கண்டுபிடித்த கோடிக்கணக்கான கட்டடங்களின் வடிவத்தை வெளியிட்டிருக்கின்றன, ஹாட் அமைப்பே இதற்கென ஒரு கருவி வைத்திருக்கிறது. இதனால் முதல் சுற்று வேலை வேகமாகிறது, நல்லதுதான், பேரிடர் நேரத்தில் ஒரு மணி நேரம் மிச்சமானாலும் லாபம். ஆனால் அது மண் நிறத்திலேயே இருக்கிற ஓலைக் கூரையைத் தவறவிடும், பெரிய பாறையை வீடு என்னும், நெருக்கமாக ஒட்டியிருக்கும் பத்து வீட்டை ஒரே வீடாக்கிவிடும். ஏழைகள் வாழ்கிற பகுதியில்தான் இந்தத் தப்பு அதிகம் வரும், உதவி அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான். பத்து வீட்டை ஒன்று என்று எண்ணினால் பத்துக் குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய் போகும். ஆகவே மனிதர் பார்த்துத் திருத்தாமல் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இப்படி எல்லாவற்றையும் வெளிப்படையாக வரைந்து வைத்தால் கெட்டவர்கள் பயன்படுத்த மாட்டார்களா?
(வாசகர், வேலூர்)

வாய்ப்பு இருக்கிறது. மனிதர்களின் பெயர், குடும்ப விவரம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறக் கூடாது. பாதிக்கப்பட்ட பெண்கள் தங்கும் இரகசிய இல்லங்களைக் குறிக்கக் கூடாது. போர் நடக்கும் இடத்தில் வரையலாமா, எதை வரையலாம் என்பதை அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், பத்திரமாக வெளியூரில் உட்கார்ந்திருக்கும் நாம் முடிவு செய்வது சரியில்லை. வரைபடத்துக்காக மேலிருந்து படம் எடுக்க ட்ரோன் பறக்கவிடுகிறவர்களும் விதிமுறையைப் பார்த்து, அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதி வாங்கிப் பறக்கவிடுங்கள்.

பேரிடர் நடந்த நாட்டு மக்களே செய்துகொள்ளட்டுமே. வெளியாட்கள் வரைவது அவர்களை ஓரம் கட்டுவது ஆகாதா?
(ஆய்வு மாணவர், புதுச்சேரி)

ஆகும், கவனமாக இல்லாவிட்டால். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கம் வந்தபோது உள்ளூர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அமைப்பான யெர் சிசென்லெர் முன்னால் நின்றது, ஹாட் அதோடு சேர்ந்து வேலை செய்தது, உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் பின்னால் நின்றார்கள். அந்த வரிசை சரியானது. வீடு இடிந்து, உறவினரை இழந்து நிற்கிறவர்களிடம் உட்கார்ந்து கோடு வரையச் சொல்ல முடியாது. அந்த முதல் சில வாரத்துச் சுமையைத் தூரத்தில் இருப்பவர் தூக்கிக்கொள்ளட்டும். எதை வரைவது, என்ன பேர், யாருக்குக் கொடுப்பது என்று சொல்லும் அதிகாரம் அங்கே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசதியான நாட்டில் இருப்பவர் மாலையில் ஒரு மணி நேரம் இலவசமாகச் செய்வது ஒன்று. வேலை இழந்த உள்ளூர் இளைஞரை மாதக்கணக்கில் வெயிலில் நடக்கவிட்டு, தன்னார்வம் என்று பேர் வைத்துச் சம்பளம் கொடுக்காமல் இருப்பது அநியாயம். மறுசீரமைப்புக்குப் பணம் வருகிறது என்றால் அதில் களப்பணியாளர் கூலியும் இருந்தாக வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு மேப்பத்தான், அதாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வரைபடம் வரையும் நிகழ்ச்சி, நடத்த ஆசை. எப்படித் திட்டமிடலாம்?
(புவியியல் ஆசிரியை, நாகப்பட்டினம்)

டீச்சர், இந்தக் கடிதம் ரொம்பச் சந்தோஷம் தந்தது. பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, யார் அதிக வீடு வரைந்தார்கள் என்று போட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் அவசரத்தில் கோணல்மாணலாக வரைவார்கள், அதைத் திருத்த இன்னொருவர் உட்கார வேண்டும். நேரத்தில் பாதியைச் சரிபார்ப்புக்கு ஒதுக்குங்கள், ஒருவர் வரைந்ததைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். வேகத்துக்குக் கொடுக்கிற பரிசைச் சுத்தமான வேலைக்குக் கொடுங்கள். உலகம் முழுக்கக் கல்லூரிகளில் யூத்மேப்பர்ஸ் என்ற மாணவர் வலையமைப்பு 2015 முதல் இயங்குகிறது, உங்கள் பக்கத்துக் கல்லூரியில் யாராவது அதில் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தொலைதூர நாட்டை வரைவது இரண்டாவது வகுப்பில் இருக்கட்டும். நாகப்பட்டினத்துக்கு 2004 பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வகுப்பில் உங்கள் பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டரை எடுங்கள். அந்தப் பகுதியின் வரைபடத்தை அச்சடித்து, நாலு பேருக்கு ஒன்று என்று கொடுத்து நடக்க விடுங்கள். புயல் பாதுகாப்பு மையம் எங்கே, அதற்குப் போகும் வழியில் சக்கர நாற்காலி போகுமா, எந்தக் கைப்பம்பில் குடிக்கிற தண்ணீர் வருகிறது, எந்தச் சந்து கடைசியில் சுவரில் முட்டுகிறது, மழையில் முதலில் தண்ணீர் நிற்கிற தெரு எது என்று பேனாவால் எழுதிக்கொண்டு வரட்டும். கடைசிக் கேள்விக்குத் தெருவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். வந்ததும் கணினி அறையில் உட்கார்ந்து, வரைபடத்தில் ஏறக்கூடியதை ஏற்றுங்கள். தண்ணீர் நிற்கிற தெரு மாதிரி அதில் இடமில்லாத தகவலைத் தனித் தாளில் வரைந்து ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்திலும், பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே முடித்துவிட்டால் நல்லது.